ஞானசிங் சாரின் மீன்கள்

டாக்டர் ஆறு மாதம் என்று சொன்னபோது ஞானசிங்குக்கு முதலில் நினைவுக்கு வந்தது அயர்லாந்தில் இருக்கும் மகள் அல்ல, வீட்டு ஹாலில் இருக்கும் ஐந்து மீன்கள். அது தனக்கே வெட்கமாக இருந்தது என்று பிற்பாடு ஒருநாள் அவர் பேபியிடம் சொன்னார்.

"பெபிஷா சமாளிச்சுக்கிடுவா. அவளுக்கு வேலை இருக்கு, மாப்பிள இருக்கான். இதுகளுக்குத் தொட்டியில நான் வெள்ளம் மாத்தலேன்னா யாரு மாத்துவா?"

பேபி அவருக்குச் சொந்தக்காரி அல்ல. குறும்பனைக்காரி, மீன் விற்பவள். ஐம்பத்து நான்கு வயது. குளச்சல் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஸ்கூட்டருக்குப் பின்னால் தெர்மாகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு திக்கணங்கோடு, மத்திகோடு, கருங்கல் என்று ஒரு சுற்று வருவாள். மத்திகோட்டில் ஞானசிங் வீட்டு கேட்டின் முன்னால் பதினான்கு வருடமாக வண்டியை நிறுத்துகிறாள். அவருக்குச் சாளையோ அயிலையோ கொஞ்சம் போதும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி எலிசா இறந்து எட்டு வருடமாகத் தனி ஆள். ஆனால் செவ்வாயும் சனியும் தவறாமல் ஒரு பிடி பொடி இறால் வாங்குவார். இறால் அவருக்கில்லை, மீன்களுக்கு.

"மீனுக்கு றாலு வாங்கிப் போடுத ஆள இந்தத் தாலுக்காவுல நான் கண்டதில்ல சாரே" என்று பேபி ஆரம்பத்தில் சிரித்திருக்கிறாள். பிறகு அதுவும் பழகிவிட்டது. அவருக்கென்று இறாலைத் தனியாக ஒரு பையில் கட்டி, ஐஸ் உருகிய தண்ணீர் படாமல் கொண்டுவருவாள்.

அத்தனை வருடத்தில் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. அவர் கூப்பிடாமல் இல்லை. மேலெல்லாம் மீன்வாடை என்று அவளே வெளியில் நின்றுவிடுவாள். அந்தச் சுற்றில் பல வீடுகளில் சட்டியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மீனைப் போட்டுவிட்டுக் குரல் கொடுத்தால் போதும். அவளும் அதை ஒரு குறையாக நினைப்பதை விட்டு ரொம்ப காலம் ஆகியிருந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவர் கேட்டுக்கு வரவில்லை. ஹாலில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"பேபி, உள்ள வா. என்னால எழும்ப முடியல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முகம் மஞ்சள் பூத்துப்போய், வயிறு மட்டும் உப்பி, நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூன்று வாரத்தில் மனிதர் பாதியாகியிருந்தார். சுவரோரமாக ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி நின்றது. அடியில் மெல்லிய மணல், ஆற்றுக்கல், நடுவில் ஒரு பெரிய மரவேர். வேருக்கு அடியில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"சாரே, ஒண்ணு செத்துப்போச்சு!"

ஞானசிங் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது.

"சாவல்ல. உறங்குது. இந்த வகை அப்படித்தான் படுக்கும். புதுசா வாங்குத பாதிப்பேரு செத்துட்டுன்னு எடுத்து வெளிய போட்டுருவான்."

பேபி குனிந்து பார்த்தாள். ஒரு சாணுக்கு மேல் நீளமான மீன். ஆரஞ்சு நிற உடம்பு, அகலமாக மூன்று கறுப்பு வரி. முதல் வரி கண்ணின் வழியாகவே இறங்கியது. துடுப்புகள் சிவப்பு. வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மீசைகள். அவள் தொட்டியருகே வந்ததும் மற்ற நான்கும் வேருக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மூக்கை நீட்டின.

"என்ன மீனு சாரே இது?"

"கிளவுன் லோச்சுன்னு சொல்லுவாங்க. லோச்சுன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம அயிரைக்கு சொந்தக்காரன். இவன் ஊரு போர்னியோ. வடசேரியில ஒரு கடையில வாங்கும்போ என் விரலுல பாதி நீளம் இருந்தது. பத்தொம்பது வருசம் ஆச்சு. இன்னும் பத்து வருசம் கெடக்கும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் மீனைப் பார்க்கவில்லை. ஈரலில் கட்டி என்றும், திருவனந்தபுரத்தில் பார்த்தாயிற்று என்றும், மருந்து ஏற்றினால் ஆறு மாதம், ஏற்றாவிட்டால் அதைவிடக் குறைவு என்றும் அதன் பிறகுதான் சொன்னார். பேபி இறால் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள்.

மீன்களை ஒப்படைக்க அவர் ஒரு மாதம் ஆள் தேடினார். கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், ஆனால் தனித்தனியாகத்தான் விற்பாராம். இவை கூட்டமாக வாழும் மீன்கள், ஒன்றைப் பிரித்தால் அது தீனி எடுக்காது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டுத் தன்னிடம் இவ்வளவு பெரிய தொட்டி இல்லை என்று போய்விட்டார். கடைசியில் தங்கை பெமிலாவின் மகன் அபினேஷ் முன்வந்தான். சொத்தவிளைக் கடற்கரையில் அவன் ஒரு தங்கும் விடுதி நடத்துகிறான். வரவேற்பறையில் எட்டடித் தொட்டி இருந்தது.

"மாமா, நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம். நான் பொன்னு போலப் பாப்பேன்" என்றான்.

ஞானசிங் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வாரத்தில் ஒருநாள் கால்பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். பைப் தண்ணீரைக் குளோரின் போக ஒருநாள் திறந்துவைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கூரான சரளை போடக்கூடாது, மண்ணைக் கிளறும்போது மீசை தேய்ந்துவிடும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். வலையால் பிடிக்கக் கூடாது. கடைசி வரிக்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டார்: நோய் வந்தால் என்னிடம் கேட்காமல் எந்த மருந்தும் ஊற்றாதே.

பிப்ரவரி முதல் வாரம் அபினேஷ் வண்டியோடு வந்து மீன்களை எடுத்துப் போனான். அடுத்த செவ்வாய் பேபி வந்தபோது தொட்டி தண்ணீரோடு காலியாக நின்றது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போல இறால் பையை எடுத்துவிட்டு, திரும்பவும் பெட்டியில் வைத்தாள்.

மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவர் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சமையலுக்கு வரும் பெண் சொன்னாள். பேபி மீன் கேட்காமலேயே உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வருவாள். அவர் போனை எடுத்து அபினேஷ் அனுப்பிய படங்களைக் காட்டுவார். அதுதான் அவருடைய பேச்சு. வெளிச்சம் குறைந்த அறை, கண்ணாடியில் விளக்கின் பிரதிபலிப்பு, நடுவில் ஆரஞ்சும் கறுப்புமாக மீன்கள்.

மார்ச் மாதம் ஒரு படத்தைக் காட்டினார். மருந்தின் வேகத்தில் அவருக்குக் கண் மங்கியிருந்தது.

"நாலு தெரியுது. அஞ்சாவது வேருக்குள்ள கெடக்கும். நல்லா இருக்கு, இல்லியா?"

பேபி போனை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். மீனைப் பார்த்துப் பிரிப்பது அவளுக்கு முப்பது வருடத் தொழில். ஒரு கூடை பொடிமீனில் எது எந்த மீனின் குஞ்சு என்று வாலைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"சாரே, இந்த வலத்தே ஓரம் நிக்குதது நம்ம மீனு இல்ல."

"என்ன சொல்லுத?"

"இதுக்கு மீசை இல்ல. பின்ன, வாயப் பாருங்க, நேரா இருக்கு. நம்ம மீனுக்கு வாயி கீழ பாத்துல்லா இருக்கும். மண்ணக் கெளறித் திங்குத மீனுக்கு வாயி கீழதான். இது வேற எதையோ தொரத்திப் பிடிச்சுத் திங்குத மீனு. மஞ்சளும் கறுப்பும் வரியா இருக்குன்னு கொண்டு விட்டிருக்கான்."

அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உள்ளதா பேபி?"

"உள்ளதுதான் சாரே."

"ஒரு ஆட்டோ பிடி."

அவள் மீன் பெட்டியில் பாதி விற்காமல் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எதிர்த்த வீட்டில் ஐஸ் கேட்டு வாங்கி, மீனை ஒரு சாக்குப் பையில் கொட்டி மூடி, அந்த வீட்டு நிழலில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியைப் பைப்படியில் ஐந்தாறு முறை கழுவினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சொத்தவிளைக்கு ஆட்டோவில் ஒரு மணி நேரம். வழியில் இரண்டு முறை நிறுத்தி அவர் வாந்தி எடுத்தார். பேபி முதுகைத் தாங்கிக்கொண்டாள். விடுதி வாசலில் அவர் இறங்குவதைப் பார்த்ததும் அபினேஷின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனே."

ஞானசிங் நேராகத் தொட்டியின் அருகே போய் முழங்காலிட்டார். மூன்று மீன்கள் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஆரஞ்சு நிறம் சாம்பலாகியிருந்தது. செவுள் வேகவேகமாக அடித்தது. மீசையில்லாத அந்தப் புது மீன் விடுதியின் மற்ற மீன்களோடு மேலே நின்றது.

"மத்தது ரெண்டும் எங்க மக்கா?"

அபினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். புதிதாக வாங்கிவிட்ட மீன்களோடு நோய் வந்திருக்கிறது. கடையில் கேட்டான். நீல மருந்து ஒரு மூடியும் கல்லுப்பு இரண்டு கையும் போடச் சொன்னார்கள். போட்டான். மற்ற மீன்கள் பிழைத்துக்கொண்டன. இவற்றில் இரண்டு மறுநாள் காலையில் மிதந்தன.

"தென்னைக்கு மூட்டுல புதைச்சேன் மாமா. உங்களுக்கு இந்த நெலமையில எப்படிப் பறைய... அதான் அந்த மீன வாங்கி விட்டேன். நீங்க படம் பாத்தாச்சும் நிம்மதியா இருக்கட்டும்னு."

அவன் அழுதான். பேபிக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. ஞானசிங் எழ முயன்று முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மத்த மீனப்போல செதிலு இல்லலே. இருந்தாலும் இல்லாத மாதிரி. மருந்து நேரா உடம்புக்குள்ள எறங்கும். பாதி அளவுதான் தாங்கும். எழுதித் தந்தேனே" என்றார். திட்டுகிற குரல் இல்லை. மிகவும் களைத்திருந்தார்.

அபினேஷ் வலையை எடுத்தான். பேபி அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வலை வேண்டாம்னு சாரு எழுதினாருல்லா?"

ஞானசிங் தரையில் இருந்தபடியே அவளுக்குச் சொன்னார். கண்ணுக்குக் கீழே ஒரு முள் மடங்கிக் கிடக்கும். பயந்தால் அதை விரிக்கும். வலையில் மாட்டினால் மீனை விடுவிக்க முடியாது, கண்ணையே கிழித்துக்கொள்ளும். லோச் இனத்துக்கே உள்ள அடையாளம் அது. பேபி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விடுதி சமையலறையிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம் கேட்டு வாங்கினாள். அதைத் தண்ணீருக்குள் மெதுவாகச் சாய்த்து, மறுகையால் மீனைத் தொடாமல் ஓட்டினாள். முதல் மீன் உள்ளே வந்தபோது உலோகத்தில் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"எதுல தட்டுது சாரே?"

"தட்டல்ல. அது போடுத சத்தம். கோவத்துலயும் போடும், சந்தோசத்துலயும் போடும்."

தொட்டித் தண்ணீரையே பாதி நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் மூன்றையும் வைத்துத் திரும்பினார்கள். ஆட்டோவில் பேபி மடியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் அவள் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் பேபி வியாபாரம் முடிந்ததும் நேராக மத்திகோடு போனாள். அவர் நாற்காலியில் இருந்து சொல்வார், அவள் செய்வாள். ஹீட்டரை முப்பது டிகிரியில் வைத்தாள். காற்று போகும் குழாய் இரண்டு போட்டாள். மருந்துப் பாட்டிலில் எழுதியிருந்த அளவில் சரிபாதியைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டாள். தினமும் கால்வாசித் தண்ணீரை எடுத்து, மணலில் விழுந்த அழுக்கைக் குழாயால் உறிஞ்சி, புதுத் தண்ணீரைக் கையை வைத்துச் சூடு பார்த்து ஊற்றினாள். முதல் நான்கு நாள் எந்த மாற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் புள்ளிகள் உதிரத் தொடங்கின. பத்தாம் நாள் பெரியது வேருக்கடியிலிருந்து வந்து இறால் துண்டை எடுத்தது. பேபி கைதட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் அவர் நாற்காலியில் கண்ணை மூடியபடி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றுதான் கேட்டார்.

"நீ கொண்டு போறியா பேபி?"

"நான் மீனு வெட்டி விக்குதவ சாரே."

"அதனால என்ன?"

"எங்க கிணத்துல வெள்ளம் உப்பு. இஞ்சுள்ள மாதிரி இல்ல. சாவடிச்சுருவேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் மறுநாள் பெமிலா வந்திருந்தபோது அவள் பேசியது பேபியின் காதில் விழுந்தது. உள்ளறையில் படுத்திருந்த அண்ணனிடம் பெமிலா மெல்லத்தான் சொன்னாள்.

"அபினேசுக்கு கைப்பிழையா ஒரு தெற்று வந்துட்டுன்னு, பின்ன மீன்காரிக்கா குடுப்பிய? அவ கொண்டுபோய் என்ன செய்வாளோ. நாலு பேரு சிரிக்க மாட்டாவளா?"

"உன் மகன் அனுப்பின படத்துல நான் பாத்தும் எனக்குத் தெரியல்ல. அவளுக்குத் தெரிஞ்சுது" என்றார் ஞானசிங். "இனி இதப் பத்திப் பேசாத."

பேபி ஹாலில் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். முப்பது வருடத்தில் அவள் சொன்னதை ஒருவர் இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லிக் கேட்டது அதுவே முதல்முறை.

வீட்டில் இஞ்ஞாசியிடம் சொன்னாள். அவள் கணவர். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து கரையில் இருக்கிறார். பகலெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருப்பார்.

"கடல் முழுக்க மீனு கெடக்கு. நீ கண்ணாடிக்குள்ள மூணு மீன வெச்சு வளக்கணுமோ ஏட்டி?" என்றார்.

"ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். இஞ்ஞாசி தொட்டியின் முன்னால் ஊன்றுகோலோடு நின்று, விருப்பமில்லாத முகத்தோடு பார்த்தார். பேபி இறாலைப் போட்டாள். மூன்றும் மோதிக்கொண்டு வந்தன. டிக், டிக், டிக்.

இஞ்ஞாசியின் தலை சட்டென்று திரும்பியது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தொட்டியில் ஊன்றி, காதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கத்தாளை மீனும் இப்படித்தான் பேசும்" என்றார் கடைசியில், ஞானசிங்கைப் பார்த்து. "எங்க அப்பன் சொல்லித் தந்தது. வள்ளத்துத் துடுப்ப வெள்ளத்துல தாழ்த்திப் பிடிச்சு, மேமுனையில காத வெச்சா, அடியில கூட்டம் நிக்குத சத்தம் கேக்கும். தவளை கத்துத மாதிரி. அதக் கேட்டுத்தான் வலை விடுவோம். இப்ப எல்லாத்துக்கும் மெசினு வந்துட்டு. இருபது வருசமாச்சு நான் ஒரு மீனு சத்தம் கேட்டு."

"இருந்து கேளுங்க" என்றார் ஞானசிங்.

இஞ்ஞாசி ஒரு மணி நேரம் அங்கிருந்தார். கிளம்பும்போது அவராகவே கேட்டார்.

"இதுக்கு எவ்வளவு வெள்ளம் வேணும் சாரே, ஒரு ஆழ்ச்ச, ஏழு நாளைக்கு?"

குறும்பனையில் கிணற்றுநீர் உப்புத்தான். ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டுக் குடிநீர் பைப்பில் வரும். இஞ்ஞாசி இரண்டு நீல பேரல்களை வீட்டுப் பின்னால் நிறுத்தி, தண்ணீர் வந்ததும் பிடித்து, கொசுவலை கட்டி ஒருநாள் வைத்தார். டிவி இருந்த இடத்தில் சிமெண்ட் கல் அடுக்கி, மட்டம் பார்த்து, தொட்டிக்கு மேடை கட்டினார். இடுப்பு வலியோடு ஒவ்வொரு கல்லையும் அவரே தூக்கினார். பக்கத்து வீட்டு ஆட்கள் உதவிக்கு வந்தபோது, சாய்வாக வைத்துவிடுவார்கள் என்று விடவில்லை.

ஏப்ரல் கடைசியில் தொட்டி வந்தது. பழைய மணல், பழைய வேர், பழைய தண்ணீரில் பாதி. மீன்களை விடும்போது ஞானசிங் வர முடியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஆட்டோவில் வந்தார். இரண்டு பேர் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பேபி காப்பி போட்டுக் கொடுத்தாள். இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. கடல் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. பெரிய மீன் தொட்டியின் முன்பக்கம் வந்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக மண்ணைக் கிளறியது.

"மூணுதான் இருக்கு. இதுகளுக்குக் கூட்டம் காணாது" என்றார். "மழை முடிஞ்சதும் செறுசா நாலு வாங்கி விடு. ஆனா நேரா விடாத. வேற தொட்டியில ஒரு மாசம் வெச்சுப் பாத்துட்டு, நோயி தீனம் ஒண்ணும் இல்லேன்னு உறுதி ஆனபிறகு. கடைக்காரன் வேற எதையாவது லோச்சுன்னு தருவான். வாயப் பாத்து வாங்கு."

"எனக்குத் தெரியும் சாரே."

"தெரியும். எனக்குச் சொல்லாம இருக்க முடியல்ல."

கிளம்பும்போது அவர் இஞ்ஞாசியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ திரும்பும்வரை பேபி வாசலில் நின்றாள்.

ஜூன் இரண்டாம் வாரம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, ஞானசிங் இறந்தார். பெபிஷா கடைசி இரண்டு நாள் கூட இருந்தாள். அடக்கத்துக்கு பேபியும் இஞ்ஞாசியும் போனார்கள். சபை மக்கள் பாடும்போது கத்தோலிக்கர்களான அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாததால் பின்னால் சும்மா நின்றார்கள். பெபிஷா எல்லோரையும் கவனித்துக்கொண்டு, யாருக்கு எந்த வண்டி, யார் எங்கே தங்குவது என்று ஓடிக்கொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பும் முன்தினம் குறும்பனைக்கு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், நன்றி சொன்னாள், பேபியின் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டாள்.

பேபி ஆகஸ்டில் நாகர்கோவில் போய் நாலு குஞ்சு வாங்கினாள். கடைக்காரன் முதலில் எடுத்துப்போட்ட ஆறில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் விட்டாள். குஞ்சுகள் பெரியவற்றின் பின்னால் வரிசையாகப் போய்வந்தன. பக்கத்துத் தெருவில் இருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். இஞ்ஞாசி ஒவ்வொருவருக்கும் காதை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

அக்டோபரில் பழைய மூன்றில் ஒன்று தீனி எடுப்பதை நிறுத்தியது. புள்ளி இல்லை, புண் இல்லை, தண்ணீரில் குறை இல்லை. பேபி தெரிந்ததெல்லாம் செய்தாள். அந்த மருந்தின் கேடு அதன் உடம்பில் அப்போதிருந்தே இருந்திருக்கலாம், அல்லது வயதாகியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் அது வேருக்கடியில் சாய்ந்து கிடந்தது. அவள் ஒரு கம்பை மெல்ல நீட்டி அதன் பக்கத்து மணலைத் தொட்டாள். அசையவில்லை. வாழ்நாளெல்லாம் ஆயிரக்கணக்கில் செத்த மீனைக் கையில் எடுத்தவள், அதை எடுக்கக் கையை விடுவதற்குள் இரண்டு முறை பின்வாங்கினாள். இஞ்ஞாசி முருங்கை மரத்தடியில் குழி வெட்டினார்.

பெபிஷாவிடம் சொல்ல வேண்டுமா என்று நாள் முழுவதும் யோசித்தாள். அபினேஷ் மறைத்துப் படம் அனுப்பியதில் ஞானசிங் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. மத்தியானம் வீடியோ கால் போட்டாள். மருத்துவமனைச் சீருடையில் பெபிஷா வந்தாள். பின்னால் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கக்கா. இப்பதான் பிரேக்."

"மக்கா, அப்பாக்க மீனுல ஒண்ணு போயிட்டு. நான் நல்லாத்தான் பாத்தேன். என்னான்னு தெரியல்ல."

பெபிஷா சரி என்று தலையை ஆட்டினாள். பரவாயில்லக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள். போனைக் கீழே வைத்தாளோ என்னவோ, திரையில் கூரையும் ஒரு டியூப் லைட்டும் மட்டும் தெரிந்தன. பிறகு அழுகைச் சத்தம் வந்தது. முதலில் அடக்கியும், பிறகு அடக்காமலும். யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள். நாலு மாதமாக எங்கே இருந்ததோ அத்தனையும் வந்தது.

பேபி போனை அணைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து பெபிஷாவின் முகம் திரும்ப வந்தது.

"அக்கா, மத்தத ஒண்ணு காட்டுவியளா?"

பேபி எழுந்து போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். இரண்டு பெரியவையும் நான்கு குஞ்சுகளும் வேரைச் சுற்றி வந்தன. பெபிஷா பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவளை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிரேக் முடிந்திருக்க வேண்டும். அவள் போகவில்லை. பேபியும் கை வலிக்கிறது என்று போனை இறக்கவில்லை.